அண்ணன் ‘பாஸ்’ செய்த இரத்தப் பரிசோதனை

இறைவனில் இளைப்பாறும் எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு மேனாம்பேட்டில் கூடியிருக்கும் உற்றார் உறவினருக்கு வணக்கம். அழுதுகொண்டேதான் எழுதுகிறேன். எனக்குத் தம்பி ஒருவன் மிச்சமிருக்கிறான். அவனையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற பதைப்பில் எழுதுகிறேன்.

அண்ணன் ஆவடியில் பிறந்தார். அப்பா ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, படிப்பை விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் இருவரையும் படிக்கவைத்து, எனக்குக் கல்யாணமும் செய்துவைத்த பிறகே தன் கல்யாணத்தை நினைத்தார். கோயில் பாடகர் குழுவில் அவர் குரலெடுத்தால் ஆர்மோனியம் கேட்காது. கோபம் வந்தாலும் அரை டம்ளர் டீயில் ஆறிவிடும்.

அவ்வளவு நல்லவரிடம் ஒரு பைத்தியக்காரத்தனம் இருந்தது. கம்பெனியில் வருடாவருடம் இரத்தம் எடுப்பார்கள். தேதி தெரிந்ததும், தவக்காலம் வந்ததுபோல் கறி, முட்டை, இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். பாகற்காய்ச் சாறு குடிப்பார், ஏரிக்கரையில் நடப்பார். ரிசல்ட் வந்ததும் அண்ணியிடம் நீட்டுவார்.

“பாஸாயிட்டேன் பாரு! இன்னா மொறைக்கிற? பிரியாணிய போடு.”

வருடம் முழுக்க அவர் எப்படிச் சாப்பிட்டார் என்பது அந்தத் தாளுக்கு எப்படித் தெரியும்? கம்பெனி டாக்டரும் அதைத்தான் நம்பினார். அப்பா எதனால் போனார் என்பதை அண்ணன் அவரிடம் சொல்லவே இல்லை.

சென்ற வருடமும் பாஸ். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டு எழுந்தவருக்குச் சட்டை நனைய வியர்த்தது, இடது கை வலித்தது.

“ஒண்ணுமில்லடா, கேஸுதான். ஒரு சோடா வாங்கினு வா,” என்றார் தம்பியிடம்.

ரிசல்ட் நன்றாக இருந்ததே என்ற தைரியத்தில், ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று நாங்களும் உட்கார்ந்திருந்தோம். ஐயோ, உட்கார்ந்திருந்தோமே! ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது அண்ணன் எங்களோடு இல்லை.

அன்று ஆட்டோ ஓட்டிய எதிர்வீட்டுக்காரருக்கும், அடக்கம் முடியும்வரை எங்களைப் பட்டினி போடாத தெருவாருக்கும், பாடகர் குழுவினருக்கும், பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

நன்றியோடு முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் இந்த நினைவு மலருக்கு அண்ணனின் படம் எடுத்துக்கொடுக்க வந்த தம்பி, நான் சுட்ட முட்டை தோசையைத் தள்ளிவைத்தான்.

“வேணாங்க்கா. கம்பெனில பிளட் டெஸ்ட்டு கீது. முடியட்டும், அப்புறம் துன்றேன்.”

அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன். அண்ணன் போன வயதை அவன் நெருங்கிக்கொண்டிருக்கிறான்.

தம்பி, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கெஞ்சிக் கேட்கிறேன். கல்லறையில் பூ வைத்த கையோடு என்னோடு டாக்டரிடம் வா. டெஸ்ட்டுக்காக எதையும் நிறுத்தாமல், தினமும் சாப்பிடுவதையே சாப்பிட்டுக்கொண்டு வா. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் என்ன ஆனது என்பதை நானே அவரிடம் சொல்கிறேன். ரிசல்ட் மோசமாகத்தான் வரட்டுமே. மாத்திரை போட்டுக்கொண்டு, ஃபெயிலான ரிசல்ட்டோடு, நீ என் கண்முன்னால் உயிரோடு இருடா.