தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது மாடு. தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. கழுத்தை நீட்டி மூக்கைத் தண்ணீருக்குக் கொண்டுபோய், வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

அகரம் கிராமத்தில் அக்கா தோட்டம். சில நாட்களாகவே மாடு வாளியில் வைக்கும் கழனித்தண்ணீரை மட்டும்தான் குடித்தது. பால் பாதியாகிவிட்டது. இருப்பது அந்த ஒரு மாடு. விற்றுவிடலாம் என்று மச்சான் பத்து மணிக்குத் தரகரை வரச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு மனமில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டிருந்தாள். எனக்கும்.

பழனிப் பக்கத்துக்காரரான கால்நடை மருத்துவர் வாய், வயிறு, காய்ச்சல் எல்லாம் பார்த்தார். "மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க."

தண்ணீர் பரிசோதிப்பவர் பிளாஸ்டிக் பாட்டிலில் மொண்டு பார்த்தார். "உப்பு கொஞ்சம் இருக்கு. மாட்டுக்கு ஒண்ணும் செய்யாது."

எலெக்ட்ரீஷியன் மோட்டாரைப் போட்டுக் காட்டினார். "கும்முனு ஓடுது. மாடு குடிக்காததுக்கு எனக்கு எதுக்குக்கா போன் போட்டீக?"

"அப்ப மாடுதான் பொய் சொல்லுது" என்றாள் அக்கா.

மூன்று நிருபர்களின் செய்திகளை ஒன்றாக்குவதுதான் பத்திரிகையில் என் வேலையாக இருந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒட்டினால் முழுச் செய்தி ஆகிவிடும் என்று நம்பியிருந்தேன். இங்கே மூன்றும் உண்மை. மாடு நலம், தண்ணீர் நலம், மோட்டார் நலம். மாடு ஒரு முழம் தள்ளியே நின்றது.

செருப்போடு தொழுவத்துக்குள் நுழைய அக்கா விடமாட்டாள். அதனால் மாட்டைப் பார்த்துவிட்டு வந்த மருத்துவர் வெறுங்காலோடே வெளியே இருந்த தொட்டியில் கை கழுவப் போனார். கையை உதறினார்.

"சுருக்குங்குதுங்க."

எலெக்ட்ரீஷியன் தொட்டிக்குள் கையை விட்டார். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே?"

"செருப்பைக் கழட்டிட்டு வைங்க. மாடு செருப்புப் போடாதுங்க."

கழற்றிவிட்டு வைத்தார். "ஏ ஆத்தீ!"

"உப்புத் தண்ணிண்ணே. கரண்டு நல்லாப் போகும்" என்றார் தண்ணீர்க்காரர்.

அப்போதுதான் மூவரும் முதல்முறையாக ஒரே இடத்தில், தொட்டி ஓரத்தில், நின்றார்கள். மாடு செருப்புப் போடாது என்பது கால்நடை மருத்துவமா மின்சாரமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தனித்தனியே நின்றிருந்தால் இருவரில் யாருக்கும் அதைச் சொல்லத் தேவை வந்திருக்காது.

மெயினை அணைத்துவிட்டுத் தேடினார்கள். மெயினிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயர் ஓரிடத்தில் தோல் உரிந்து, தொட்டிக்கு வரும் இரும்புக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒயரை மாற்றினார்கள்.

பத்து மணிக்குத் தரகர் வந்தபோது மாடு தொட்டியில் வாய் வைத்திருந்தது. அவர் டீ குடித்துவிட்டுப் போனார்.