புனிதா அக்காவின் லோரி அண்ணன்

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த வளைவில் பேய் எதுவும் கிடையாது. அது பிறந்த நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்று நாற்பது. பெற்றவர் புனிதா அக்கா. நான் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

புனிதா அக்கா கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறார். நாற்பத்தாறு வயது. கையுறைத் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் ஓட்டை பார்க்கும் வேலை செய்தார். தொழிற்சாலை வேறு மாநிலத்துக்குப் போனது. இவர் போகவில்லை. ஒரு பழைய வேனை வாங்கி, எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பதினோரு பேரைக் காலையில் ஏற்றி மதியம் இறக்குகிறார். அந்தப் பள்ளியில் நான் அப்போது தற்காலிக ஆசிரியை. கார் இல்லை. முன் இருக்கை காலியாகத்தான் இருக்கிறது, வாங்க டீச்சர் என்றார். அப்படித்தான் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்தேன்.

அவர் பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு பேய், மாடிப்படிக்கு ஒரு பேய், தண்டவாளத்தில் விளக்கோடு நடக்கிற ஒரு பேய் என்று வீட்டுக்கு வீடு கதை இருந்ததாம். கல்யாணமாகிக் கிள்ளான் வந்து இருபது வருடம் ஆகியும் அவருக்கு ஒரு குறை உண்டு.

“இவ்வளவு பெரிய ஊரு. உருப்படியா ஒரு பேய் இல்ல, டீச்சர்.”

அந்தச் செவ்வாய்க்கிழமை அந்தக் குறையை அவரே தீர்த்துக்கொண்டார்.

பள்ளியிலிருந்து எங்கள் தாமான் குடியிருப்புக்கு வரும் சாலையில் ஒரு கிடங்கின் உயர்ந்த சுவர் இருக்கிறது. சுவரை ஒட்டிச் சாலை சட்டென்று திரும்பும். எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லோரிகள் குறுக்கு வழி என்று அதில்தான் வரும். அதனால் புனிதா அக்கா அங்கே எப்போதும் மூன்று முறை ஹார்ன் அடிப்பார். அன்று மூன்றாம் ஆண்டு படிக்கும் பிரவின் பின்னாலிருந்து கேட்டான்.

“ஆன்டி, ரோட்டுல யாருமே இல்ல. யாருக்கு ஹார்ன் அடிக்கறீங்க?”

“யாருமே இல்லன்னு உனக்கு யாருடா சொன்னா?”

பதினோரு தலைகளும் முன்னால் நீண்டன. நானும் திரும்பிப் பார்த்தேன்.

“லோரி அண்ணன் நிக்கறாரு. அவர் காலத்துல எதுத்தாப்ல வந்த வண்டி ஹார்ன் அடிக்கல. இப்ப அடிச்சாத்தான் வழி விடுவாரு.”

“அடிக்கலன்னா?”

“வேன் மேல ஏறி உக்காந்துக்குவாரு. உன் வீடு வரைக்கும் வருவாரு. கேட்டத் தொறந்தவுடனே உங்கம்மா கேப்பாங்க, யாருடா உன்கூடன்னு.”

பிரவின் மேலே பார்த்தான். புனிதா அக்கா விடவில்லை.

“உள்ள எடம் இருந்தா உள்ளயே உக்காருவாரு. பெல்ட் போடாத பிள்ளை பக்கத்துலதான் அவருக்குப் பிடிக்கும்.”

டக், டக், டக் என்று பதினோரு பெல்ட்டுகள் பூட்டிக்கொண்ட சத்தம் வந்தது. ஆறு மாதமாகக் கெஞ்சியும் நடக்காத காரியம்.

நான்காம் ஆண்டு ரோகிணி விவரம் கேட்கிற பிள்ளை. “ஆன்டி, அவரு என்ன சட்டை?”

“கட்டம் போட்ட சட்டை. தோள்ல துண்டு. கோப்பி ஓ குடிப்பாரு, பாலும் இல்லாம சீனியும் இல்லாம. எப்பவும் ஒரு பாட்டு முணுமுணுத்துக்கிட்டே இருப்பாரு. மொத வரிதான் தெரியும், ரெண்டாவது வரி தெரியாது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டம் போட்ட சட்டையும் தோளில் துண்டுமாக ஒருவர் வாசலில் நின்று, ஒரு பாட்டின் முதல் வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்காவின் கணவர் ரெங்கசாமி, கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அவசரத்துக்கு வேற யாரும் ஞாபகத்துக்கு வரல, டீச்சர்,” என்றார் அக்கா.

ரெங்கசாமி அங்கிள் நிமிர்ந்தார். “உசுரோட இருக்கறப்பவே என்னைய ஆவியாக்கிட்டா, பாத்தீங்களா.”

அதற்குப் பிறகு நடந்தது யார் கையிலும் இல்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். அப்பா கார் ஓட்டும்போது அந்த வளைவில் ஹார்ன் அடிக்கச் சொல்லி அழுதார்கள். அப்பாக்கள் அடித்தார்கள். அவர்கள் அடிப்பதைப் பார்த்து, சாப்பாடு கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரர்கள் அடித்தார்கள். மலாய்க்காரர் ஓட்டும் தொழிற்சாலை பஸ் ஒன்று அடித்தது. ஏப்ரல் மாதம் ஒருநாள் கிடங்குச் சுவரோரம் மூன்று ஊதுபத்தியும் ஒரு ஆரஞ்சும் இருந்தன. யாரோ சீனர் வைத்தது. மறுவாரம் கம்பி வேலியில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் தொங்கியது, சிவப்புக் கயிறு கட்டி, உள்ளே கறுப்பாக.

புனிதா அக்கா வேனை மெதுவாக்கி எட்டிப் பார்த்தார். “கோப்பி ஓ. சீனி இல்லாததாத்தான் இருக்கும்.” அவர் குரலில் இருந்த குதூகலத்தை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது. சொன்ன கதை ஒன்று எழுந்து தானாக நடக்கத் தொடங்கினால் யாருக்குத்தான் அப்படி இருக்காது? அன்று மதியம் முழுக்க வேனில் ஒரே கூத்து.

மூலையில் டயர் கடை வைத்திருக்கும் சபாபதிதான் அடுத்த படிக்குக் கொண்டுபோனார். அவர் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே சூடம் கொளுத்தி, அடுத்து ஹார்ன் அடிக்கிற வண்டியின் நம்பரை லாட்டரியில் வாங்குவது என்று நேர்ந்துகொண்டார். அடுத்து வந்தது எங்கள் வேன். அந்த நாலு நம்பர் ஞாயிற்றுக்கிழமை விழுந்துவிட்டது. பெரிய பரிசு இல்லை. ஆனால் விழுந்தது. அந்த வாரமே தகரக் கூரை போட்ட சின்னக் கூடு ஒன்று எழும்பியது. உள்ளே ஒரு பொம்மை லோரி. அதற்கு மாலை.

வேன் எங்கே நின்றாலும் யாராவது நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார்கள். ரெங்கசாமி அங்கிள் ஒருநாள் தன் லோரியை நிறுத்தி, கூட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம்: “எட்டுப் பொட்டலம் கோப்பி தொங்குது. எனக்கு வீட்ல ஒண்ணுக்கே சண்டை போட வேண்டியிருக்கு.”

ஜூலை வரைக்கும் நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அதற்குள் ஷா ஆலாமிலிருந்தும் காப்பாரிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வந்தவர்கள் வண்டியை வளைவிலேயே நிறுத்தினார்கள், இரண்டு பக்கமும். முன்பு சுவர் மட்டும்தான் மறைத்தது. இப்போது கார்கள் மறைத்தன. ஹார்ன் அடித்தால் எதிரே வருகிறவன் வேகத்தைக் குறைப்பதில்லை, அவனும் கும்பிடு போட்டு ஹார்ன் அடித்துவிட்டு வந்துகொண்டே இருந்தான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் வேன் திரும்பியபோது சாலை நடுவில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, விழுந்த எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். புனிதா அக்கா பிரேக்கில் ஏறி நின்றார். பின்னால் கண்டெய்னர் லோரியின் காற்றுப் பிரேக் நீளமாகச் சீறியது. கண்ணாடியில் அதன் முகப்பு மட்டும்தான் தெரிந்தது, வானம் தெரியவில்லை. அது நின்ற இடத்துக்கும் ரோகிணி உட்கார்ந்திருந்த கடைசி இருக்கைக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவுதான்.

யாருக்கும் அடி இல்லை. எல்லாரும் பெல்ட் போட்டிருந்தார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு என் காலடிக்கு வந்தது.

பிறகு பிரவின் கத்தினான். “லோரி அண்ணன்தான் நம்பள காப்பாத்துனாரு.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். புனிதா அக்கா திரும்பி ஒவ்வொரு பிள்ளையாக எண்ணினார். எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்குக் கூட்டம் ரெண்டு மடங்காயிடும், டீச்சர். பிள்ளைங்க போய் காப்பாத்துனாருன்னு சொல்லுவாங்க. ஒரு நாளு நசுங்கத்தான் போறோம். அது நான் வச்ச பேய்.”

அப்படியே ஆனது. வெள்ளிக்கிழமை எண்ணிக்கொண்டே வந்தேன், பத்தொன்பது கார். சுற்றிப் போகலாம் என்றால் நெடுஞ்சாலை ஜாமில் முக்கால் மணி நேரம் கூடுதல். கடைசிப் பிள்ளை வீடு சேர மூன்றரை ஆகிவிடும்.

அன்று பிள்ளைகளை இறக்கிவிட்டதும் அவர் வேனை நேராக டயர் கடையில் நிறுத்தினார். நானும் இறங்கினேன்.

“சபாபதி அண்ணே, அப்படி ஒருத்தரும் இல்ல. பிள்ளைங்க பெல்ட் போடணும்னு நான் சொன்ன கதை அது.”

சபாபதி டயரை உருட்டுவதை நிறுத்தவில்லை. “எனக்குத் தெரியும்மா.”

“தெரியுமா?”

“நீயா சொல்லல. அவரு உன்னைச் சொல்ல வச்சாரு. கிள்ளான்ல இத்தன வேன் ஓடுது, ஏன் உன் வாயில வந்தாரு, யோசிச்சுப் பாரு.”

“அண்ணே, அந்தக் கட்டம் போட்ட சட்டை எங்க வீட்டுக்காரரோடது.”

“பாத்தியா. அவருக்கும் அதே சட்டை.”

புனிதா அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“சரி, வர்றவங்கள வண்டிய தள்ளி நிறுத்தவாச்சும் சொல்லுங்க. நேத்து பதினோரு பிள்ளை தப்புச்சதே பெருசு.”

சபாபதியின் முகம் மாறியது. அவர் கெட்டவர் இல்லை. டயரைச் சுவரில் சாய்த்து வைத்தார். “சொல்லாம இருப்பனா? தினமும் சொல்றேன். நான் சொல்லி எவன் கேக்கறான்? அவரு சொன்னா கேப்பாங்க.”

வேனில் ஏறியதும் அக்கா சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். “ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யா, டீச்சர்?” என்று கேட்டார். ஆனால் கதை சொல்லும்போது வருகிற அந்தப் பழைய வெளிச்சம் கண்ணில் வந்துவிட்டிருந்தது.

திங்கட்கிழமை மதியம், பெல்ட்டுகள் பூட்டியதும், பெருமூச்சு விட்டார்.

“லோரி அண்ணன் வீடு மாறிட்டாரு.”

“ஏன் ஆன்டி?” பதினோரு குரல்.

“தூக்கமே இல்லையாம். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் நம்பர் குடு, நம்பர் குடு. ஒருத்தராச்சும் ‘சாப்டீங்களா அண்ணே’ன்னு கேக்கறது இல்ல. அவர் நிக்கற எடத்துலயே காரையும் போட்டுட்டாங்க. அவரு எங்க நிப்பாரு?”

“எங்க போனாரு?”

அக்கா இடத்தை யோசித்து வைக்க மறந்துவிட்டிருந்தார். அதைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

“எங்க வீட்டுப் பக்கம் வேணாம்,” என்றான் பிரவின் முதல் வேலையாக.

“ஸ்கூல் கேண்டீன்?”

“அங்க கோப்பி நல்லா இருக்காது.”

“பெட்டாலிங் ஜெயா. எங்க மாமா அங்கதான் மாறிட்டாரு.”

“அவருக்கு பார்க்கிங் வேணும்ல,” என்றாள் ரோகிணி. “பாசார் மாலாம் திடலுக்குத்தான் போயிருப்பாரு. புதன்கிழமை ராத்திரி மட்டும்தான் சந்தைக் கடை போடுவாங்க. மத்த நாளு காலியா கெடக்கு.”

“அங்கதான்,” என்றார் புனிதா அக்கா உடனே. “உனக்கு யாரு சொன்னா?”

ரோகிணி பெருமையாகச் சிரித்தாள். ஆனால் பிரவின் விடவில்லை. “அப்ப வளைவுல ஹார்ன் அடிக்க வேணாமா?”

அக்கா இதையும் யோசித்து வைக்கவில்லை. ஹார்ன் இல்லாவிட்டால் எடுத்த காரியமே கெட்டது. ரோகிணிதான் அதையும் தீர்த்தாள்.

“அவருதான்டா போனாரு. லோரி அங்கயேதான் நிக்குது. டயர் பஞ்சர்.”

வேன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

செவ்வாய், புதன், வியாழன். ஒன்றும் நடக்கவில்லை. கார்கள் அதே இடத்தில் நின்றன. ஒவ்வொரு மதியமும் அக்கா இறங்கி, வளைவு வரை நடந்துபோய் எட்டிப் பார்த்து, எதிரே வருகிற வண்டிகளுக்குக் கையைக் காட்டிவிட்டு வந்து வேனை எடுத்தார். வெள்ளிக்கிழமை காலை, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. திடல் விளக்குக் கம்பத்தில் ஒரு கோப்பிப் பொட்டலம். கீழே ஒரு தட்டில் நாசி லெமாக் சோறு. யாரோ ‘சாப்டீங்களா’ என்று கேட்டிருக்கிறார்கள்.

அன்று பள்ளி விடும்போது சபாபதி கேட்டில் நின்றிருந்தார். மூச்சு வாங்கியது.

“ஏம்மா, எங்கிட்ட ஏன் சொல்லல?”

“என்னண்ணே?”

“ஒண்ணும் தெரியாத மாதிரி கேளு. ஊரே சொல்லுது. நேத்து எனக்கு கனவுல வேற வந்துட்டாரு. பார்க்கிங் இல்லன்னு திட்டறாரு. என்னைய. கூடு கட்டுனவன.” அவர் கண்கள் பளபளத்தன. “ஞாயித்துக்கிழமை காலைல தூக்கிடுவோம். உங்க வீட்டுக்காரருக்கு லோரி கிடைக்குமா, கேளு லா.”

ரெங்கசாமி அங்கிள் நண்பரிடம் ஒரு டன் லோரி இரவல் வாங்கி வந்தார். நாற்பது பேர் கூடியிருந்தார்கள். சபாபதி சூடம் காட்டி, கூட்டைப் பெயர்த்து ஏற்றினார். ஒரு சீனக் கிழவர் ஊதுபத்தியோடு முன்னால் நடந்தார். கட்டம் போட்ட சட்டையில் ஸ்டியரிங் பிடித்திருந்தவரைச் சபாபதி மேலும் கீழும் பார்த்தார். பிறகு திடல் போய்ச் சேரும் வரை அவரை ‘அண்ணே, அண்ணே’ என்று அழைத்துக்கொண்டே வந்தார். புனிதா அக்கா வளைவில் நின்று, கையை விரித்து வண்டிகளை நிறுத்தி, ஊர்வலத்தைத் தாண்டவிட்டார். வேர்வையில் நனைந்து சிரித்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை மதியம் வேன் கிடங்குச் சுவரை நெருங்கியது. சாலையோரம் ஒரு கார்கூட இல்லை. தரையில் சூடக் கரி மட்டும் வட்டமாக இருந்தது. அக்கா வேகத்தைக் குறைத்து, ஹார்ன் அடித்து, எட்டிப் பார்த்தார். சுவர் முனைக்கு அப்பால் எதிரே ஒரு கண்டெய்னர் லோரி தெரிந்தது. அது பதில் ஹார்ன் அடித்து நின்று, முதலில் போங்கள் என்று விளக்கைச் சிமிட்டியது. நாங்கள் போனோம்.

முதல் வீடு பிரவினுடையது. அவன் குதித்து இறங்கி, பையை இழுத்துக்கொண்டு கேட்டைத் திறந்து உள்ளே ஓடினான். கதவு மூடும் வரை பார்த்திருந்துவிட்டு, புனிதா அக்கா அடுத்த வீட்டுக்கு வேனை எடுத்தார்.