அக்கா அணைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர்

என் மேஜை இழுப்பறையில், மாத்திரை அட்டைகளுக்கு அடியில், ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு கிடக்கிறது. அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிது. ஜம்பர் என்று பெயர். அந்தக் காலக் கணினியில் ஒரே ஒயரில் இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டினால், எது முதலாவது என்று சொல்ல, அதன் பின்புற ஊசிகளில் இதைச் செருக வேண்டும். இது கழன்றால் இரண்டுமே கணினிக்குத் தெரியாது. உள்ளிருப்பது உள்ளபடி இருக்கும். இல்லவே இல்லை என்று திரை சாதிக்கும்.

இரண்டாயிரங்களின் நடுவில், திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டிசைன் பிரிவில் எல்லோரும் அக்கா என்றழைத்த ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம், கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். குழந்தைச் சட்டைகளில் அச்சாகும் யானையும் முயலும் அவர் வரைந்தவை. யானையின் இமைக்கு மட்டும் அரைநாள் எடுத்துக்கொள்வார். "கண்ணு சரியில்லன்னா பிள்ள பயப்படும்லா" என்பார். வேறொரு கம்பெனியில் கூப்பிட்டிருந்ததால், மாதக் கடைசியில் விலகுவதாக முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தார். விட்டுப் போகிற ஆளை யாருக்குப் பிடிக்கும்?

ஆயுத பூஜைக்கு முதல்நாள் கம்பெனி முழுக்கச் சுத்தம் செய்வோம். தையல் மெஷினில் அடையும் பஞ்சை ஏர் கன்னால் ஊதுவார்கள். கம்ப்யூட்டருக்குப் பிரஷ்தான் என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா அணைத்துவிட்டுக் கிளம்பியதும், இரண்டு டிஸ்க் மாட்டிய அவருடைய கம்ப்யூட்டரின் பெட்டியைத் திறந்தேன். சோம்பேறிக்குப் பிரஷ் எதற்கு? ஏர் கன்னை வாங்கி ஒரே ஊது. பெட்டியை மூடி, சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

பூஜைக்கு மறுநாள் அக்கா பொத்தானை அழுத்த, ஹார்ட் டிஸ்க் இல்லை என்றது திரை. மூன்று வருடத்து டிசைன்கள். மேனேஜர் வந்தார். எங்கள் ஊர்க்காரர், எத்தனை கோபத்திலும் மரியாதை குறையாது. அந்த மரியாதையைப் போன்ற கொடுமையை நான் பார்த்ததில்லை.

"கடைசியா இதுல உக்காந்தது நீங்கதானுங்களே?"

"ஆமா சார். ஒழுங்காத்தான் அணைச்சேன்."

"போற எடத்துக்கு வெறுங்கையோட போக முடியுங்களா? டிசைன் சிடி ஏதும் இருக்குதான்னு பாக்கோணும், பையைக் கொஞ்சம் கொட்டிக் காட்டுங்கம்மா."

முப்பது பேர் பார்க்க அக்கா கொட்டினார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, சின்ன பைபிள், மகளுக்கென்று முடிந்து வைத்த பூஜைப் பொரி. பொரிப் பொட்டலத்தையும் பிரிக்கச் சொன்னார் மேனேஜர். தரையெல்லாம் பொரி.

நான் அந்தப் பொரிக்கு நடுவே மண்டியிட்டிருந்தேன். ஒயரை மாற்றியாயிற்று. டிஸ்க்கில் காதை வைத்தேன், நன்றாகச் சுற்றியது. அப்போதுதான் மொட்டையாக நின்ற ஊசிகளைப் பார்த்தேன். நான் ஊதிய ஊதில் ஜம்பர் பறந்திருந்தது.

"ஏனுங்க, அழிச்சிருக்குதுங்களா?" என்றார் மேனேஜர்.

"தம்பி, நான் அழிக்கலன்னு நீ சொல்லுப்பா" என்றார் அக்கா.

அழித்தால் டிசைன் போகும். டிஸ்க்கே தெரியாமல் போகாது. ஒரே வாக்கியம். சொன்னால் அடுத்த கேள்வி ஏர் கன்னில் வந்து நிற்கும்.

"இப்பச் சொல்ல முடியாதுங்க சார்" என்றேன்.

அக்காவைச் செக்யூரிட்டி வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார். நான் ஒரு பழைய டிஸ்க்கிலிருந்து ஜம்பரை உருவி மாட்டினேன். யானைகள் இமையோடு வந்து நின்றன. "அழிச்சதையே மீட்டுட்டீங்களே!" என்று மேனேஜர் தோளைத் தட்டினார். நான் மறுக்கவில்லை. மறுவாரம் சிஸ்டம் இன்சார்ஜ் ஆனேன். அக்கா சேரவிருந்த கம்பெனிக்கு அதற்குள் போன் போயிருந்தது. பறந்துபோன ஜம்பர் மேஜைக்கடியில், பஞ்சுக்குள், இரண்டு பொரியோடு கிடைத்தது.

சில வருடம் கழித்து, அந்தக் கம்பெனியை விட்டு வந்தபின், மங்கலம் பக்கம் ஒரு சின்ன யூனிட்டுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கப் போனேன். தரையில் உட்கார்ந்து பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் எழுந்து வந்தார். அக்கா.

"தம்பி, அந்த டிசைன்லாம் கெடச்சிட்டா?"

"கெடச்சிருச்சுங்க அக்கா."

"நல்லவேள. நாந்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. அதுக்கப்புறம் கம்ப்யூட்டரத் தொடவே பயமா இருக்கு. நீ எப்படிப்பா எடுத்த?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாருமில்லை, இழக்கவும் எனக்கு எதுவுமில்லை.

"கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தானுங்க எடுத்தேன்" என்றேன்.

"நீ நல்லாருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்றைய கணினிகளில் இந்தத் துணுக்கைச் செருக இடமே கிடையாது. இந்த ஆயுத பூஜைக்கும் இழுப்பறையை ஒழித்தபோது அதை வெளியே எடுத்தேன். பிரஷ்ஷால் பதமாகத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.