ஞானசௌந்தரி செய்த கை

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சாமியைக் கண்சிமிட்ட வைப்பதுதான் ஞானசௌந்தரிக்கு வேலை. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் முருகன், அந்தப் பக்கமிருந்து பார்த்தால் பிள்ளையார். ஏசு கண்ணைத் திறப்பார், மூடுவார். இரண்டு படங்களையும் நூல் நூலாக நறுக்கி, மாற்றி மாற்றி ஒட்டி, மேலே வரிவரியான பிளாஸ்டிக் தகட்டைப் பதிப்பாள். திருமுல்லைவாயிலில் எங்களுக்கு அடுத்த வீடு. அதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொன்னால் அவளுக்கு ஆகாது. பார்க்கிறவனை நகர வைக்கிற படம் வேறு எது இருக்கிறது என்று சண்டைக்கு வருவாள்.

தொண்ணூற்றொன்றில் அவள் புருஷன் செபாஸ்டியனின் வலது கையில் நாலு விரல்களை, அவன் வேலை பார்த்த கம்பெனியில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் தின்றது. வேலை வேகமாக ஓடட்டும் என்று மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். முதலாளியோ, குடித்துவிட்டு வந்து கையை விட்டான் என்று சொல்லி அவனை வேலையைவிட்டே அனுப்பினார். ஃபோர்மேன் உத்தமன், ஆமாம், வாடை அடித்தது என்று சாட்சி சொன்னான். கிறிஸ்துமஸ் விருந்தில்கூட மோர் கேட்கிற மனுஷன் செபாஸ்டியன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. போன விரல்களைவிட, குடிகாரன் என்ற பேர்தான் அவனை வீட்டுக்குள் முடக்கியது. அந்தப் பேரை அந்த மெஷின் முன்னாலேயே துடைக்க வேண்டும் என்று ஞானசௌந்தரி ஒற்றைக் காலில் நின்றாள்.

முழுசாக இருந்த வலது கைக்குப் படம் கிடையாது. கையை மட்டும் யார் போட்டோ எடுத்து வைக்கிறார்கள்? அவனுடைய இடது கையைப் படம் எடுத்து, நெகட்டிவைத் திருப்பிப் போட்டு வலது கையாக்கினாள். வெட்டுப்பட்ட கையை இருக்கிறபடியே எடுத்தாள். இரண்டையும் நறுக்கி ஒன்றாக ஒட்டினாள்.

ஆயுத பூஜையன்று கம்பெனி கேட் குடும்பங்களுக்கெல்லாம் திறந்திருக்கும். புருஷனைக் கூட்டிக்கொண்டு போனாள், நானும் போனேன். கையைத் தின்ற மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. அதைப் பார்த்ததும் எங்களுக்கு ரத்தம் கொதித்தது. மெஷினுக்கு மேலே சுவரில் படத்தை மாட்டினாள். வேலையாட்களே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலாளி கற்பூரத் தட்டோடு ஒவ்வொரு மெஷினாக வந்தார். படத்தில் கை முழுசாகத் தெரிந்தது. ஒரு அடி வைத்தார். நாலு விரல்களும் போயின. பின்னால் நகர்ந்தார், விரல்கள் வந்துவிட்டன. அந்த இடத்திலேயே காலை ஊன்றிக்கொண்டு, கை நல்லாத்தானே இருக்கிறது, பூஜையைப் பாருங்கள் என்றார். வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஞானசௌந்தரி வாயைத் திறப்பதற்குள் உத்தமன் முன்னால் வந்தான்.

“ஒரு அடி இப்டி வாங்க மொதலாளி. அவன் குடிக்கல. மூடியக் கயட்னது நானு, கயட்டச் சொன்னது நீங்க. இப்ப நீங்க நிக்கிற எடத்துலதான் நானும் நின்னுகினு பொய் சொன்னேன்.”

முதலாளி நகரவே இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக அந்த ஒரு அடி தள்ளி நின்று பார்த்தார்கள். செபாஸ்டியன், துண்டுக்குள் சுற்றி வைத்திருந்த கையை அன்றைக்குத்தான் வெளியே எடுத்தான்.