புத்தகத்தில் மட்டும் பெய்த மழை

இரத்தோட்டைப் பக்கம் எட்டு லயங்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, அத்திவாரம் போட்டவன் நான். ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் மூன்று மதகு கட்டினேன். வஹகோட்டைக்குப் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம். அதன் கூரை இன்றுவரை ஒழுகவில்லை. உள்ளே படிப்பு தங்குகிறதா என்பது என் பொறுப்பல்ல. படித்தது நாலாம் வகுப்பு. யுத்தத்துக்காகப் போட்ட சோதனைச்சாவடியில் சீமெந்து மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்த்த காலத்தில், ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டே லொறியின் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறேன். இதெல்லாம் எந்தக் கல்லிலும் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

1. நூல் பிடித்தது

எங்கள் தோட்டத்துத் தேயிலை பேக்டரியில், பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டும் மேல்மாடியை நீட்டிக் கட்டினோம். கீழே ரோலர் மெஷின்கள். அவற்றைச் சுற்றி எந்நேரமும் முப்பது பேர்.

இஞ்சினியர் மாத்தளை டவுன் நஸார். கம்பஸ் முடித்து முதல் வேலை. மழை மாதத்தில் வெள்ளைச் சப்பாத்தோடு தோட்டத்துக்கு வந்தார். அதிலேயே ஆளை அளந்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பீம் பாரம் தாங்கும்போது மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும், கொன்கிரீட் இழுவை தாங்காது என்று அவர்தான் விளக்கினார். பதினைந்து வருஷமாகக் கம்பியை அடியில் போட்டு வந்தவனுக்கு ஏன் போடுகிறோம் என்று அன்றுதான் தெரிந்தது. அது அவர் பங்கு. நான் மறைக்கிறவன் இல்லை.

மாடியில் கொழுந்து ஏற்றத் தொடங்கிய முதல் மழைக் கிழமையே பீமின் அடியில் மயிரிழை வெடிப்பு. வேலை முடிந்த அன்றே பீமுக்குக் கீழே இரண்டு முனையிலும் ஒரே கனக் கட்டை வைத்து நூல் கட்டியிருந்தேன். இப்போது நடுப் பகுதி நூலை நோக்கி இறங்கியிருந்தது. நஸாரின் கணக்கு சொன்னதைவிட அரைவாசி அதிகம்.

மேசனை எங்கள் பக்கம் பாஸ் என்பார்கள். நஸார் என்னைப் பார்த்தார். "பாஸ், கலவையில சீமெந்து கொறஞ்சிருக்கு. எங்க போச்சு?"

"என் வீட்டுச் செவரு இன்னும் மண்ணுதான் சேர். வந்து தட்டிப் பாருங்க."

தோட்டத்து மேனேஜர் பெரிய துரை சிரிக்கவில்லை. "மாரிமுத்து, வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லாட்டி பொலிஸ்."

அந்த யுத்த வருஷங்களில் பொலிசுக்குப் போகிற தமிழனிடம் சீமெந்தைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார்கள்.

2. செவனம்மா கேட்டது

வியாழக்கிழமை மத்தியானம் தலை கனத்துப்போய் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் நின்றேன். கணக்கப்பிள்ளை "ஒம்பது!" என்று கூவிப் புத்தகத்தில் எழுதினார்.

செவனம்மா எங்கள் லயத்துக்காரி, கொழுந்தெடுப்பவள். விடவில்லை. "என்னங்கய்யா, தராசு பதிமூணு காட்டுது, உங்க வாயி ஒம்பதுங்குது?"

"ஈரத்துக்குக் கழிவு. தெரியாதா?"

"கழிச்ச தண்ணியெல்லாம் எங்கங்க போவுது? உங்க வீட்டுத் தொட்டிக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் பீம் மேலே போகிறது.

நஸாரிடம் ஓடினேன். "சேர், கொழுந்துப் பாரத்த எதுல இருந்து எடுத்தீங்க?"

"கொழுந்துப் புத்தகத்துல. வேற எதுல?"

"அது கழிச்சிட்டு எழுதுன எடை சேர். நாளைக்கி மடுவத்துக்கு வாங்க. அந்தச் சப்பாத்த கழட்டி வச்சிட்டு வாங்க."

மறுநாள் நல்ல வெயில். மூன்று பேரின் கொழுந்தை மாடிக்குக் கொண்டுபோய், சாக்கில்லாமல் நிறுத்தோம். பதிமூன்று, பன்னிரண்டு, பதினான்கு. புத்தகத்தில் ஒன்பது, எட்டு, பத்து.

நஸாருக்கு முகம் வெளுத்தது. "மழையே இல்லியே! அப்ப ஈரம் எங்க இருந்து வந்திச்சி?"

சாக்கை உதறிக்கொண்டே செவனம்மா சொன்னாள்: "அது புத்தகத்துல மட்டும் பெய்யிற மழைங்க சேர்."

துரையிடம் போனோம். "தோட்டத்துக்குப் புத்தகத்துல இருக்கிறதுதான் எடை," என்றார்.

"பீமுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியாது சேர். கீழ முப்பது பேர் நிக்கிறாங்க," என்றார் நஸார். அந்தப் பிள்ளை இஞ்சினியரானது கம்பஸில் இல்லை, அந்த நிமிஷத்தில்தான்.

கொழுந்தை உடனே இறக்கினோம். கணக்கைத் திரும்பப் போட்டு, பீம்களுக்கு இடையில் இரும்புக் கேர்டர்கள் ஏற்றினோம். ஏற்றியது நான். மாடி இன்றும் நிற்கிறது. என்னைத் திருடன் என்றதற்கு நஸார் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். துரை கேட்கவில்லை. கேர்டருக்குக் கையெழுத்துப் போட்டவர், புத்தகத்தைத் திருத்தவும் இல்லை. பீமுக்குக் கிடைத்த நியாயம் செவனம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

புதிதாக வரும் இஞ்சினியர் பிள்ளைகளே, நஸாரின் கணக்கில் பிழையே இல்லை. அதற்குள் போட்ட எண்தான் பொய். எண்ணை எழுதியது யார், எழுதியதில் அவருக்கு என்ன லாபம் என்று கேட்டுவிட்டுக் கால்குலேட்டரைத் தொடுங்கள்.

கடைசியாக ஒன்று. பேக்டரி வாசல் கல்லில் இரண்டு பெயர் இருக்கிறது: துரை, நஸார். கீழே நாலங்குலம் வெற்றிடம், நானே அளந்தேன். அதில் 'கட்டியவன் மாரிமுத்து' என்று பொறிக்க வேண்டும். அதற்கும் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், செவனம்மா. இரண்டையும் முழுசாகப் பொறியுங்கள். பதிமூன்றை ஒன்பது என்று எழுதிய மாதிரி வேண்டாம்.