ஃபயர்வாலுக்கு அந்தப் பக்கம்

பெரிய ஆபீஸ்களில் இன்டர்நெட் வாங்குவது ஒரு இலாகா. அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு இலாகா. என் பிழைப்பு இரண்டுக்கும் நடுவில். அங்கே காவலுக்கு இருக்கும் ஃபயர்வால், 443 என்ற ஒரே போர்ட்டை, அதாவது ஒரே வாசலைத்தான் திறந்து வைத்திருக்கும். என் வாடிக்கையாளர்களின் மென்பொருளோ 8080, 9000 என்று வேறெங்கோ ஓடும். 443-இல் வருகிறவர்களை வரவேற்று உரிய இடத்துக்கு அனுப்பும் சர்வரை அமைத்துத் தருவேன். ரிவர்ஸ் ப்ராக்ஸி என்று பெயர். இதே தொழிலில் அவதிப்படுகிறவர்கள் தலையாட்டிக்கொண்டே படிக்கலாம்.

கல்யாணிக்குத் தடை

மயிலாப்பூரில் ஒரு மாமி ஆன்லைனில் பாட்டு சொல்லித் தருகிறார். மாணவிகளில் பாதிப் பேர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் உட்கார்ந்து கற்பவர்கள். வீட்டில் திறக்கும் வகுப்பு ஆபீஸில் திறக்காது. காரணத்தை அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மாமி சொன்னார்: "ஆபீஸ்ல உக்காந்துண்டு கிரிக்கெட் பாக்கறா, அது தெரியறது. என் கல்யாணியிலதான் வைரஸ் இருக்காக்கும்?"

படிவம்

தி.நகரில் ஒரு துணிக்கடையின் தலைமை ஆபீஸ். ஊழியர் வருகைப் பதிவுக்கு ப்ராக்ஸி போட்டேன். 443-தான், ஆனாலும் திறக்கவில்லை. புது முகவரி, சந்தேகத்துக்குரியது என்று ஃபயர்வால் மறித்துவிட்டது. அனுமதிக்கு ஆன்லைனில் படிவம் நிரப்பச் சொன்னார் நெட்வொர்க் அதிகாரி. அந்தப் பக்கத்தைத் திறந்தால் அதுவும் தடை! அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அந்தப் பக்கத்தைத் திறக்க தனியா ஒரு படிவம் இருக்கு சார். அதையும் ஆன்லைன்லதான் தரணும்."

படம் திறக்கவில்லை

ராயப்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரிலிருந்து காலையில் பதறிக்கொண்டு போன் செய்தார்கள். தலையில் அடிபட்ட ஆட்டோக்காரர் ஒருவரை ஸ்கேன் எடுத்து, அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே படம் திறக்கவில்லை. சென்டரின் படங்கள் 8080-இல். ஆஸ்பத்திரி ஃபயர்வாலுக்கு 8080 ஆகாது. சி.டி. கொடுத்தனுப்பலாம் என்றால், பாதுகாப்புக்காக அங்கே கம்ப்யூட்டர்களில் டிரைவையே கழற்றிவிட்டார்களாம். ஆஸ்பத்திரியின் சொந்த ஸ்கேன் மெஷினோ ரிப்பேர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்து, சென்டரின் 8080-க்கு 443 வழியாகப் பாதை போட உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆட்டோக்காரரின் மனைவி செல்வி. அவசரத்தில் கட்டளை வரியில் ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டேன். சர்வர் கிளம்ப மறுத்தது. டாக்டர் இரண்டு முறை வெளியே வந்து என்னை முறைத்துவிட்டுப் போனார். இருபது நிமிஷத்தில் படம் திறந்தது. உள்ளே ரத்தக்கட்டு. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

ஆள் பிழைத்துக்கொண்டார். மறுநாள் செல்வி, அப்படி என்னதான் செய்தேன் என்று கேட்டாள். தெரிந்த அளவு சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "இன்னா சார் சொல்ற? டாக்டரு கீறாரு, படம் கீது, என் வூட்டுக்காரரும் அங்கதான் கீறாரு. நடுவுல எவன் சார் பூட்டு போட்டது?"

பூட்டியவருக்கு வருஷம் தவறாமல் பாராட்டுப் பத்திரமும், திறந்தவனுக்கு "இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது" என்று ஒரு மின்னஞ்சலும் வருவதுதான் இந்தத் தொழிலின் தர்மம்.