அவன் வாங்க வேண்டிய லென்ஸ்

கேமரா வாங்குவதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் சண்டை போட்டோம். கடைசியில் வாங்கியது நான் மட்டும். அதுவும் அவனுக்குப் பிடித்த கேமராவை.

அவன் என்னோடு கிருஷ்ணன்கோவிலில் எஞ்சினியரிங் படித்தவன். நான்கு வருஷம் ஒரே காலேஜ் பஸ். நான் ராஜபாளையத்தில் ஏறுவேன், அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி நான் பிடித்து வைத்த சீட்டில் நன்றியே இல்லாமல் உட்காருவான். படிப்பு முடிந்ததும் நான் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று போட்டோ எடுக்கப் போனேன். அவன் என்னோடு வந்து இரண்டாவது கேமரா பிடிப்பான். மேடையில் ஒரே மாதிரி சிரிக்கிற ஜோடிகளைப் பார்த்து வெறுத்துப்போனதில் பிறந்ததுதான் அந்தத் திட்டம்: ஆறு மாசம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இமாச்சல், லடாக், மேகாலயா. மனுஷ மூஞ்சியே வேண்டாம், மலையும் மேகமும் மட்டும். எடுத்த படத்தைச் சுவர் அளவுக்குப் பிரிண்ட் போட்டாலும் புல்லின் நுனி தெரிய வேண்டும். அதற்கு எங்கள் கல்யாணக் கேமரா பத்தாது. சென்சார் பெரிதாக இருக்கிற மீடியம் ஃபார்மட்தான் வேண்டும்.

எல்லா லென்சையும் ஆளுக்கு ஒன்று வாங்க இரண்டு பேருக்கும் வக்கில்லை. அதனால் ஒப்பந்தம்: லென்ஸ் இல்லாத கேமரா பாடி ஆளுக்கு ஒன்று. அகலமாக எடுக்கிற வைட் லென்ஸ் நான் வாங்குவேன், தூரத்தை இழுக்கிற டெலி ஜூம் அவன். தேவைக்கு மாற்றிக்கொள்வோம். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி பாடியில் உட்காராது என்பதால் இரண்டு பேரும் ஒரே கம்பெனிக்குத்தான் போக வேண்டும். எந்தக் கம்பெனி என்பதுதான் சண்டை. எனக்கு சுவீடன்காரன், அவனுக்கு ஜப்பான்காரன்.

"ஏலே, கலரப் பாருல. என் சுவீடன்காரன் எடுத்தா பச்ச பச்சையாவே இருக்கு. உன் ஜப்பான்காரன் எடுத்தா நான் நாலு நாளு சிஸ்டத்துல உக்காந்து சரிபண்ணணும்."

"பண்ணு. கல்யாணப் பொண்ண வெள்ளையாக்குதேல்லா, அந்தக் கைதான. உன் சுவீடன்காரன்ட்ட லென்ஸ் எம்புட்டு இருக்கு சொல்லு, ஒரு கை வெரலு போதும்."

"கேமராக்குள்ளயே ஸ்டோரேஜ் இருக்குல. மெமரி கார்ட வீட்ல வச்சுட்டு முகூர்த்தத்துக்கு வந்து நின்ன மூதிதான நீ?"

"அதுக்காக அந்த வெலைக்கு ஒரு பென்டிரைவ் வாங்கச் சொல்லுத."

இப்படியே போகும். டீக்கடையில், மண்டபத்துச் சாப்பாட்டுப் பந்தியில், வாட்ஸ்அப்பில். இடையில் அவன் காலையில் ஓட ஆரம்பித்தான். கேமரா, லென்ஸ், டிரைபாட் எல்லாம் தூக்கிக்கொண்டு மலை ஏற ஸ்டாமினா வேண்டுமாம். நானும் நம்பி, அவன் ஊர் கிரவுண்டுக்கு பைக்கில் போய் போனில் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்தான் ஓடுவான், அதற்கு மேல் ஒரு அடி வைக்க மாட்டான். ஒரு நாள் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தான்.

"மலைக்கு எதுக்குல கயிறு?"

"பாறை வந்தா? நீ கீழேயே நின்னு வைட்ல எடு. நான் மேல போறேன்."

சிரித்தேன். எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. எஞ்சினியராம்.

சண்டையை முடிக்க மதுரையில் இரண்டு கேமராவையும் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தோம். சேத்தூர் தாண்டி ஒரு கண்மாய்க் கரை. முந்தின நாள் மழை, மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. என் சுவீடன்காரன் எடுத்த படத்தில் நெல்லும் தண்ணீரும் கண்ணில் பார்த்த அதே நிறம். ஆனால் மலை மட்டும் ஒரு கோடு மாதிரி தூரத்தில் கிடந்தது. அவன் தன் கேமராவில் டெலி ஜூமை மாட்டி எடுத்தான். லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கினால், மலை மடிப்பு மடிப்பாக அடுக்கி நிற்கிறது, நடுவில் நூல் மாதிரி ஒரு அருவி. அப்படியே கீழே நகர்த்தினால் கரையில் எவரோ குளிக்கிறார், அவர் சோப்பின் நிறம் வரை தெரிகிறது.

"உன் கம்பெனில இம்புட்டு நீளத்துக்கு ஜூமே கெடையாதுல. மல இங்கயா வரும்? இந்த லென்ஸ் இல்லன்னா நான் இமாச்சலுக்கு வரவே மாட்டேன், பாத்துக்க."

அவன் வராமல் நான் எங்கே போவது. "சரில, ஜப்பானே வாங்குவோம்" என்றேன்.

கல்யாணக் கேமராக்களையும் லென்சுகளையும் விற்றேன். மதுரையில் ஒருத்தர் உபயோகித்த ஜப்பான் பாடியும் வைட் லென்சும் வாங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. அவன் அம்மா, "செத்த உக்காருய்யா, கடைக்குப் போயிருக்கான், வந்துருவான்" என்றுவிட்டு காபி போட உள்ளே போனார்கள். வாசலில் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். பைக்கில் ஒரு போலீஸ்காரர் வந்து இறங்கி அவன் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"நீ யாருப்பா?"

"ஃப்ரெண்டு சார். காலேஜ்லருந்து."

"நல்லதாப் போச்சு. எஸ்.ஐ.க்கு செலக்ட் ஆயிருக்கான்ல, வெரிஃபிகேஷனுக்கு வந்தேன். பையன் எப்படி? குடி, அடிதடி ஏதும் உண்டா?"

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். கயிறு. போலீஸ் வேலைக்கு வைக்கிற உடல் தகுதித் தேர்வு. எல்லாம் அந்த ஒரு நொடியில் வந்து விழுந்தது.

"நல்ல பையன் சார்."

"பொய் கிய்யி பேசுவானா?"

அவர் சும்மா கேட்டார். நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டேதான் கேட்டார். இல்லை சார் என்றேன். என் பெயரையும் போன் நம்பரையும் குறித்துக்கொண்டார்.

அவன் பால் பாக்கெட்டோடு வந்தபோது அவர் போயிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான்.

"எப்பலே பரீட்ச எழுதுன?"

"போன வருசம்."

"அப்ப கண்மாய்ல வச்சு, இந்த லென்ஸ் இல்லன்னா வரமாட்டேன்னியே."

"அப்ப ரிசல்ட் வரலல்ல. கெடைக்கலன்னா வாங்கிருப்பேன்."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ லென்ஸப் பத்திப் பேசுவியா?" பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "வீட்ல வாயத் தொறந்தா வேல, வேல. உன்ட்ட வந்தாத்தான் வேற பேச்சு. அது நல்லா இருந்துச்சுல."

"நீ வரலன்னா எனக்கு எதுக்குல ஜப்பான்? நான் பாட்டுக்கு எனக்குப் பிடிச்சத வாங்கிருப்பேன்."

அவன் பால் பாக்கெட்டைக் கீழே வைத்தான். பெட்டியைத் திறந்து பார்த்தான். "நல்ல கண்டிஷன்ல இருக்கே" என்றான். அவனை அடித்திருப்பேன். அவன் அம்மா காபியோடு வந்துவிட்டார்கள்.

இமாச்சலுக்கு நான் போகவில்லை. கையில் இருந்தது பாதி செட்தான். டெலி ஜூம் வாங்க வேண்டுமானால் மறுபடியும் கல்யாணம் எடுக்க வேண்டும். கல்யாணம் எடுக்க, விற்ற கேமராவை வாங்க வேண்டும். ஓடுகிற பிள்ளையை, மெதுவாக ஃபோகஸ் ஆகிற இந்த மீடியம் ஃபார்மட்டில் பிடிப்பதற்குள் அது பந்தியில் உட்கார்ந்துவிடும். இப்போது இன்னொருத்தருடைய கேமராவில் கூலிக்கு எடுக்கிறேன்.

டிரெய்னிங் முடிகிற சமயம் அவன் போன் பண்ணினான்.

"ஏலே, சென்னைக்கு எங்க பரேடுக்கு வாரியா? அந்தக் கேமராவக் கொண்டு வா."

"கிரவுண்டுல நீங்க எங்கயோ நிப்பிய. என்ட்ட வைட்தான் இருக்கு. எறும்பு மாதிரி தெரிவ."

"சென்னைல டெலி ஜூம் வாடகைக்கு கெடைக்கும்ல. பழசு எடுக்காத, புதுசுல ஃபோகஸ் வேகம்."

"புதுசு வெயிட்டுல."

"டிரைபாட்ல வைக்கப் போற, ஒனக்கென்ன வெயிட்டு?"

பத்து நிமிஷம் பழைய மாதிரியே போனது. நானும் விடவில்லை, அவனும் விடவில்லை, ஒரு இடத்தில் இரண்டு பேரும் சிரித்தும்விட்டோம். வாரேன் என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் எரிந்தது. இந்தத் தடவையும் அவன் வாங்காத லென்சைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

பரேடுக்குப் போகவில்லை. அன்றைக்கு ஆலங்குளத்தில் ஒரு காதுகுத்து இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன்.